யாரோ அனுப்பிய பயோடேட்டா

அனுப்பியவர் யாரென்று எவருக்கும் தெரியக் கூடாது என்பதற்காகவே எழுதப்பட்ட செயலி அது. ஆனால் அதன் முதல் திரையில் அதை எழுதியவரின் பெயரும் புகைப்படமும் இருந்தன. பெயர் நல்லசிவன். படத்தில் தாடையில் கைவைத்து, தொலைவில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். எதைப் பார்க்கிறார் என்று கேட்டால் எதிர்காலத்தை என்பார். உண்மையில் ஸ்டுடியோச் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்தார்.

"ரகசியமா அனுப்புத செயலிக்கு எதுக்குண்ணே உங்க மூஞ்சி?" என்று உடன் வேலை பார்த்த ரெஜினா ஒருமுறை கேட்டாள்.

"அனுப்புதவன் பேரைத்தான் மறைக்கணும். செஞ்சவன் பேரை எதுக்கு மறைக்கணும்?"

ரெஜினா பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாத இடங்களையெல்லாம் தான் ஜெயித்த விவாதங்களாக நல்லசிவன் குறித்து வைத்துக்கொள்வார்.

2047ஆம் வருடம். தூத்துக்குடியில் ஒருவர் போனிலிருந்து ஒரு வரி கிளம்பினால், யாருடைய போன், எந்தத் தெரு, எழுதும்போது அவருக்கு நாடி எவ்வளவு துடித்தது என்பது வரை ஏழெட்டு நிறுவனங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் காலம். அதனால் மேலதிகாரியைப் பற்றிப் புகார் எழுத நினைத்தவர்கள் நினைப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் நல்லசிவன் ஆறு வருடம் உட்கார்ந்து 'யாரோ'வை எழுதினார். பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு மருந்துக்கடை மாடியில் அலுவலகம். இரண்டு பேர், மூன்று நாற்காலி.

உள்ளூர்த் தொலைக்காட்சிப் பேட்டியில் அதை அவர் விளக்கியது இப்படி: "நீங்க அனுப்புத கோப்பை 'யாரோ' ஆயிரம் துண்டாக்கும். ஒரு துண்டு டவுன் பஸ்ல போறவர் போன் வழியாப் போகும், ஒரு துண்டு மீன் ஏலக்கூடத்துல நிக்கிறவர் போன் வழியாப் போகும். ஒருத்தருக்கு அனுப்பினா அவர்கிட்ட ஒண்ணு சேரும். 'ஊருக்கு'ன்னு அனுப்பினா எல்லார் போன்லயும் ஒண்ணு சேரும். எங்கேருந்து கிளம்புச்சுன்னு அந்தத் துண்டுக்கே தெரியாது."

இதே வேலையைச் செய்யும் செயலிகள் வேறும் இருந்தன. ஆனால் அவற்றில் ஏழு திரை தாண்ட வேண்டும். எச்சரிக்கை, கேள்வி, மறுபடி எச்சரிக்கை. நல்லசிவன் அத்தனையையும் தூக்கிவிட்டு ஒரேயொரு சிவப்புப் பொத்தான் வைத்தார். கோப்பைத் தொடு, பொத்தானை அமுக்கு, முடிந்தது. அதற்கு 'எளிமை விருது' என்று ஒரு கேடயமும் பொன்னாடையும் கிடைத்தன.

அந்தப் பொத்தானில் ரெஜினாவுக்கு ஒரு வருத்தம் இருந்தது. "ஒரு கோப்பைத் தொட்டா அது இருக்க ஃபோல்டர் முழுசும் போவுதுண்ணே. அது வேண்டாம்."

"ஒண்ணொண்ணாத் தேடி எடுக்கச் சொன்னா ஜனங்க குழம்பிருவாங்க. எங்க பெரியம்மைக்குக்கூடப் புரியணும் ரெஜினா."

"எதெல்லாம் போவுதுன்னு ஒரு கேள்வி கேட்டாத்தான அவங்களுக்குப் புரியும்?"

"கேள்வி கேட்டா பயந்துருவாங்க."

"பயப்படட்டுமே. அவங்க அனுப்புதது அப்படிப்பட்ட சமாச்சாரம்."

அதன்பிறகு ரெஜினா பேசவில்லை. நல்லசிவன் இன்னொரு வெற்றியைக் குறித்துக்கொண்டார்.

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஊரிலிருந்த போன்களெல்லாம் ஒன்றுபோலச் சிணுங்கின. 'யாரோ' வழியாக 'ஊருக்கு' ஓர் அறிக்கை வந்திருந்தது. தூத்துக்குடி அந்நாளில் குடித்ததெல்லாம் கடல்நீர்தான். 'ஆழிநீர்' என்ற ஆலை கடலை உறிஞ்சி, உப்பெடுத்து, குழாயில் அனுப்பிக்கொண்டிருந்தது. கடல்நீரில் உப்போடு போரான் என்றொரு பொருளும் உண்டு. அதையும் எடுத்துவிட வேண்டும். பதினான்கு மாதமாக ஆலை அதைச் சரியாக எடுக்கவில்லை, அனுமதித்த அளவைப்போல் நான்கு மடங்கு போரான் குழாயில் வந்தது, மாநகராட்சிக்குக் கொடுத்த தாளில் மட்டும் வேறு எண்கள் இருந்தன என்பதை ஆலையின் சொந்த ஆய்வகக் குறிப்புகளே தேதிவாரியாகச் சொல்லின. பிள்ளைத்தாய்ச்சிகளும் கைக்குழந்தைகளும் குடிக்கக் கூடாத தண்ணீர் அது என்று ஒரு குறிப்பின் ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தது.

நல்லசிவன் ஓடிப்போய் அரைக்கிலோ மக்ரூன் வாங்கிவந்தார். ஊர் விஷத்தைக் குடித்துக்கொண்டிருந்த செய்தி வந்த அன்று இனிப்பு வாங்கிய ஒரே மனிதர் அநேகமாக அவர்தான். "பாத்தியா! நம்ம 'யாரோ'! ஆறு வருஷம் இதுக்குத்தான் ரெஜினா!" என்றார். அறிக்கையில் அவர் மூன்று பக்கம் படித்திருந்தார்.

எதையும் கடைசிவரை படிக்கும் பழக்கம் ரெஜினாவுக்கு. "அண்ணே, அறுபத்திரண்டாம் பக்கம் பாத்தீங்களா?" என்றாள்.

அறிக்கை அறுபத்தோராம் பக்கத்தில் முடிந்துவிட்டது. அதற்குமேல் இரண்டு பக்கம் இருந்தன. ஒரு பெண்ணின் புகைப்படம், பச்சைப் புடவை, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்த முகம். கீழே:

பெயர்: ச. சண்முகக்கனி. வயது: 43. கணவர் காலமாகி ஒன்பது வருடம். பணி: ஆழிநீர் ஆலை, ஆய்வக உதவியாளர். முகவரி: பிரையண்ட் நகர். எதிர்பார்ப்பு: குடிக்காதவர். சமையல் தெரிந்தால் நல்லது. சேர்ந்து சினிமா பார்க்கப் பிடித்தவர். பேச்சுத்துணையாக இருந்தால் போதும்.

நல்லசிவனின் வாயில் மக்ரூன் கரைய மறந்து நின்றது.

"ஃபோல்டர்," என்றார்.

ரெஜினா "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லியிருந்தால் அவர் கொஞ்சம் சண்டைபோட்டு ஆறுதல் அடைந்திருப்பார். அவளோ மக்ரூன் பொட்டலத்தை மூடி வைத்தாள்.

அவர்களுக்குப் புரிந்தது ஆலைக்கும் மதியத்துக்குள் புரிந்துவிட்டது. சாயங்காலம் சண்முகக்கனியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஆலையின் ரகசியங்களைத் திருடி வெளியிட்டதாகப் போலீசில் புகாரும் கொடுத்தார்கள். அந்தக் குற்றத்துக்கு ஏழு வருடம்வரை உள்ளே வைக்கலாம்.

மறுநாள் காலை நல்லசிவன் பிரையண்ட் நகருக்குப் போனார். மாடியும் கீழுமாக ஒரு வீடு. ஒரு கனத்த மனிதர் கீழ்வீட்டுக் கதவை அறைந்து சாத்திவிட்டு விறுவிறுவென்று மாடிப்படி ஏறிப்போனார். அது சண்முகக்கனியின் அண்ணன், தங்கைக்கு வேலை போனதற்காகத் திட்டிவிட்டுப் போகிறார் என்று பிறகு தெரிந்தது. மூடிய கதவைத் தட்டுவதா, திரும்பிப் போவதா என்று நல்லசிவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது.

"வணக்கங்க்கா. நான் நல்லசிவன். 'யாரோ' செயலி..."

"தாடையில கைவச்சுட்டு நிப்பீங்களே, நீங்கதானா?" என்றார் சண்முகக்கனி.

அந்த நிலைமையிலும் நல்லசிவனுக்கு உள்ளே எங்கோ ஒரு மூலையில் குளிர்ந்தது. பின்னாளில் இந்தச் சம்பவத்தை நினைக்கும்போதெல்லாம் அவரை அதிகம் கூசவைத்தது இந்த ஒரு விநாடிதான்.

உள்ளே உட்காரச் சொன்னார். குழாய்த் தண்ணீர் கொடுக்க யோசித்து ஓர் இளநீரை வெட்டி ஊற்றிக் கொடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "எத்தனை பேர் பாத்திருப்பாங்க சார்?"

"இதுவரைக்கும் ரெண்டு லட்சத்துக்கு மேல."

சண்முகக்கனி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கவலப்படாதீங்கக்கா. நல்லதுதான். ஊருக்குத் தெரிய வேண்டியதுதான அது."

"ஊருக்குத் தெரியக் கூடாதுன்னுதான சார் உங்க செயலியில அனுப்புனேன்?"

தன் பெயர் தெரியக் கூடாது என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார் என்று நல்லசிவன் எடுத்துக்கொண்டார். நெஞ்சு நெகிழ்ந்தது. எவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டு எவ்வளவு எளிமையாக உட்கார்ந்திருக்கிறார்!

"அந்தத் தண்ணி ரிப்போர்ட்ட நான் அனுப்பல சார்," என்றார் சண்முகக்கனி.

"புரியுதுக்கா. யார் கேட்டாலும் இப்படியே சொல்லுங்க."

"நெசமாவே அனுப்பல."

"அருமை. இதே முகத்தோட சொல்லணும். மாத்திராதீங்க."

"சார், நான் அனுப்புனது அந்த ரெண்டு பக்கந்தான். மதுரையில ஒரு தரகரம்மாவுக்கு. எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா வீட்டுல இருக்க முடியாதுன்னுதான் இதுல அனுப்புனேன். ரிப்போர்ட்ட நான் கண்ணாலகூடப் பாத்ததில்ல."

"பிரமாதம்க்கா. மதுரை, தரகரம்மா, அண்ணன். எல்லாம் பொருந்துது. வக்கீல்கிட்டயும் இதையே சொல்லுங்க."

சண்முகக்கனி எழுந்து அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கினார். பிறகு, "இன்னொரு இளநி வெட்டவா?" என்று கேட்டார். அதற்குமேல் இந்த ஆளிடம் பேசுவதற்கு ஒன்றும் இல்லை என்று அவர் முடிவுசெய்துவிட்டது நல்லசிவனுக்குத் தெரியவில்லை. தன் வருகை அவருக்குத் தெம்பு கொடுத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வாசற்படி இறங்கினார்.

அலுவலகத்துக்கு வந்ததும் நாற்காலியில் உட்காராமல் நடந்துகொண்டே பேசினார். "ஆலைக்காரன் பிடிச்சுத் தொங்குறது ஒரே ஒரு கயிறு. ரிப்போர்ட்டும் பயோடேட்டாவும் சேந்து வந்துச்சு, அதனால ரெண்டையும் அனுப்புனது ஒரே ஆளு. அந்தக் கயித்த அறுத்துட்டா அக்கா தப்பிச்சுருவாங்க."

"எப்படி அறுப்பீங்க?"

"'யாரோ' ஒரு குப்பைன்னு சொல்லிருவேன். அதுக்குள்ள ஒரு கோளாறு இருக்கு, ஒருத்தர் அனுப்புதத இன்னொருத்தர் அனுப்புததோட கலந்து ஒட்டிவிட்டுரும்னு சொல்லுவேன். அப்புறம் அந்த ரெண்டு பக்கம் யாரோடதுன்னு வச்சு எவனும் எதையும் நிரூபிக்க முடியாது."

"அப்படி ஒரு கோளாறு இல்லியேண்ணே."

"இல்ல. பொய்தான்."

"இதைச் சொன்னா 'யாரோ'வ ஒரு ஆள் தொட மாட்டான். ஆறு வருஷம்."

"தெரியும்." நல்லசிவன் சன்னலருகே போய் நின்றார். யாரும் படமெடுக்கவில்லை என்றாலும் கை தானாகத் தாடைக்குப் போனது. "ஒரு மனுஷிய ஜெயிலுக்கு அனுப்பிட்டு அந்தச் செயலிய வச்சு நான் என்ன செய்ய?"

ரெஜினா அவரை முதல்முறையாகக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தாள். அவரும் அதைக் கவனித்தார்.

பொய்யை அவர் இரண்டு நாள் உட்கார்ந்து செதுக்கினார். துண்டுகள் எங்கே மோதும், எப்படித் தவறான கோப்போடு போய் ஒட்டும் என்று மூன்று பக்கத்துக்கு எழுதினார். செயலியை எழுதிய காலத்தில்கூட அவ்வளவு தெளிவாக எழுதியதில்லை. இல்லாத கோளாறின்மேல் அவருக்கு ஒரு பாசமே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை பத்திரிகையாளர் கூட்டம். நல்லசிவன் சுவரளவு திரையில் இரண்டு பக்கங்களைப் பக்கத்துப் பக்கத்தில் காட்டினார். இடப்பக்கம் போரான் அட்டவணை. வலப்பக்கம் பச்சைப் புடவை.

"பாருங்க," என்றார். "இது ஆய்வக அறிக்கை. இது ஏதோ ஒரு கல்யாண பயோடேட்டா. இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? வாசிக்கேன் கேளுங்க. 'சமையல் தெரிந்தால் நல்லது.' போரானைப் பத்தி எழுதுத ஆள் இதை ஏன் எழுதணும்? 'சேர்ந்து சினிமா பார்க்கப் பிடித்தவர்.'"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. திட்டம் வேலை செய்கிறது என்ற நிம்மதியில் நல்லசிவனும் சிரித்தார். ஒரு சிவப்புப் பேனாவால் அந்த வரியைச் சுற்றி வட்டமும் போட்டார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, "என் செயலி கோப்புகளைக் கலந்துவிடுகிறது. நான் எழுதியது குப்பை. மன்னித்துவிடுங்கள்," என்று எழுத்துத் தமிழில் முடித்தார்.

யாராவது எதிர்த்துக் கேட்பார்கள், அவ்வளவு நல்ல செயலியில் அப்படி நடக்குமா என்று சந்தேகப்படுவார்கள், அவர்களை வாதத்தில் மடக்க வேண்டியிருக்கும் என்று பதில்கள் தயாரித்து வைத்திருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. சொன்ன மாத்திரத்தில் ஊர் முழுக்க நம்பிவிட்டது. "எனக்கு அப்பவே தெரியும்" என்று நூற்றுக்கணக்கானோர் எழுதினார்கள். கீழே மருந்துக்கடைக்காரர்கூட, "நானும் நினைச்சேன் சார்," என்றார். அவர் அந்தச் செயலியைப் பயன்படுத்தியதே இல்லை. இரண்டு நாளில் நாற்பதாயிரம் பேர் 'யாரோ'வைப் போனிலிருந்து நீக்கினார்கள். விருதுக் குழு கேடயத்தைக் கூரியரில் திருப்பி அனுப்பச் சொன்னது. பொன்னாடை வேண்டாம் என்று பெருந்தன்மையாக எழுதியிருந்தார்கள்.

ஆனால் கயிறு அறுந்துவிட்டது. சண்முகக்கனியின் வக்கீல் அந்த மூன்று பக்கத்தைக் காட்டி வாதாடினார். ஒன்பதாம் நாள் அவரை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். இதற்கிடையில் கலெக்டர் வேறோர் ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதிக்கச் சொல்ல, அறிக்கையில் இருந்த எண்களே அங்கேயும் வந்தன. ஆலையின் இரண்டு பிரிவுகளை மூடினார்கள். லாரியில் தண்ணீர் வந்தது. ஜனங்கள் லாரிக்குப் பின்னால் ஓடினார்கள், ஆனால் குடித்தது நல்ல தண்ணீர்.

நல்லசிவன் தோல்வியடைந்த மனிதருக்குரிய கம்பீரத்தோடு டீக்கடைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அப்போதுதான் நீதிமன்றத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர் சொன்ன கோளாறு உண்மையிலேயே இருக்கிறதா என்று சோதிக்கச் சென்னையிலிருந்து மூன்று நிபுணர்கள் வருகிறார்கள். 'யாரோ'வின் முழு நிரலையும் தயாராக வைக்க வேண்டும்.

"போச்சு," என்றார் நல்லசிவன். "திறந்து பாத்தா சுத்தமா இருக்கும். பொய் சொன்னேன்னு என்னையும் பிடிப்பான், அந்தக்காவையும் மறுபடி பிடிப்பான்."

ரெஜினா யோசித்தாள். "இல்லாத கோளாறைக் கொண்டுபோய் வச்சுட்டாப் போச்சு. நீங்க எழுதுன அந்த மூணு பக்கத்தக் குடுங்க. அப்படியே போட்டுருதேன்."

"நல்லா இருக்குத செயலியை நாமளே கெடுக்கணுமா?"

"ஊரே கெட்டதுன்னு நம்பியாச்சு. இனி என்ன?"

காலையில் உட்கார்ந்தவள் மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. மூன்று மணி வாக்கில் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தாள்.

"அண்ணே, நான் ஒண்ணும் வைக்க வேண்டியதில்ல."

"ஏன்?"

"ஏற்கெனவே இருக்கு."

நல்லசிவனுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "எது?"

"நீங்க சொன்ன கோளாறு. அச்சு அசல் அதேதான். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அடையாள எண் போடுதோம்ல? நேரத்தையும் எடத்தையும் சேத்து அந்த எண்ண உண்டாக்குத பகுதி. நீங்க மட்டும் உக்காந்து எழுதுனது. கவிதை மாதிரி இருக்குன்னு சொல்லுவீங்களே."

"அதுல என்ன?"

"பக்கத்துப் பக்கத்துல இருந்து ரெண்டு பேரு அதே நொடியில பொத்தான அமுக்குனா ரெண்டு பேருக்கும் ஒரே எண் விழுது. கல்யாண மண்டபத்து வாசல்ல செருப்பு மாறுத கதைதான். ஒருத்தர் பக்கம் இன்னொருத்தர் கோப்போட வாலா ஒட்டிக்கிடும். மதுரைக்குப் போக வேண்டியது ஊருக்குப் போயிரும்."

நல்லசிவன் வந்து அவள் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தார்.

"அந்தச் செவ்வாய்க்கிழமைத் துண்டுகளையும் எடுத்துப் பாத்தேன்," என்றாள் ரெஜினா. "துண்டோட அளவு போனுக்குப் போன் மாறும். அறிக்கையில இருக்க துண்டெல்லாம் ஒரு அளவு. பயோடேட்டா துண்டு வேற அளவு. ரெண்டு போன்ணே. யார் யாருதுன்னு தெரியாது. ஆனா ரெண்டு."

"அப்ப அந்தக்கா..."

"மதுரைன்னு சொன்னாங்கல்லா. தரகரம்மான்னு சொன்னாங்கல்லா. நீங்க அருமை, பிரமாதம்னு தலையாட்டிட்டு வந்திருக்கீங்க."

நல்லசிவன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். சண்முகக்கனியிடம் ஒரு ரகசியம் இருக்கிறது, அதைக் காப்பாற்ற வேண்டும் என்று ஆறு வருட உழைப்பைத் தூக்கிப் போட்டிருந்தார். ரகசியம் இருந்தது நிஜம்தான். அதைத்தான் அவர் சுவரளவு திரையில் போட்டு, உரக்க வாசித்து, சிவப்பு வட்டமும் போட்டிருந்தார்.

நிபுணர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், நல்லசிவன் சொன்ன கோளாறு சொன்னபடியே இருப்பதாகச் சான்று கொடுத்தார்கள். தன் பிழையைத் தானே கண்டுபிடித்து, தன் தொழில் கெடும் என்று தெரிந்தும் ஊருக்கு அறிவித்த உத்தமர் என்று ஒரு பத்திரிகை தலையங்கம் எழுதியது. கேடயம் அதே கூரியரில், அதே அட்டைப்பெட்டியில் திரும்பி வந்தது. ரெஜினா அதைப் பிரிக்காமலே அலமாரிக்கு மேல் வைத்தாள். பொய் சொன்னதற்காக அல்ல, பொய்கூட ஒழுங்காகச் சொல்ல வராததற்காகத் தனக்குக் கிடைத்த பரிசு அது என்று நல்லசிவனுக்குத் தோன்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் பிரையண்ட் நகருக்குப் போனார். வீடு பூட்டியிருந்தது. வாசலில் நின்றார். ஐந்தரை மணிக்கு சண்முகக்கனி குடையை மடக்கிக்கொண்டு வந்தார். அதே பச்சைப் புடவை.

"மேட்னி போயிருந்தேன்," என்றார், கேட்காமலே. "ஒத்தையாத்தான்."

இந்தத் தடவை இளநீர் இல்லை. டீ வந்தது. நல்லசிவன் எழுதி மனப்பாடம் செய்துவந்த மன்னிப்பை ஆரம்பித்தார். இரண்டாவது வாக்கியத்தில் மறந்துபோய், "நீங்க அன்னைக்கே சொன்னீங்க," என்றார்.

"மூணு தரம் சொன்னேன்."

"ஆமா."

"ரெண்டு லட்சம் பேரு போன்ல பாத்தாங்க. அது போவட்டும் சார். அறுபது பக்கத்துக்குப் பின்னால எவன் தேடிப் படிக்கப் போறான்னு மனச தேத்திக்கிட்டேன். நீங்க பெரிய திரையில காட்டுனீங்கல்லா, அத மேல அண்ணன் வீட்டுல உக்காந்து பாத்தேன். அண்ணன், மைனி, பிள்ளைக எல்லாரும் இருந்தாங்க. சினிமா வரிய வாசிச்சுட்டுச் சிரிச்சீங்க."

"கூட்டத்துல எல்லாரும் சிரிச்சாங்க, அதனால..."

"நீங்களும் சிரிச்சீங்க."

நல்லசிவன் டீயைப் பார்த்தார்.

"அண்ணன் அன்னையிலேர்ந்து பேசுததில்ல. ஆலையில நான் போனா பின்னால யாராவது பாட்டு முணுமுணுக்கான். நூத்திநாப்பது பேரு போன் பண்ணிட்டான். பாதிப்பேரு பேசுததக் காதுல வாங்க முடியாது. ஒருத்தர் சாம்பார் வைக்கத் தெரியும்னு வீடியோ அனுப்பிருந்தாரு. கரண்டி பிடிச்ச பிடியப் பாத்தாலே தெரிஞ்சுது, அது வேற ஆள் வச்ச சாம்பாரு." அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "மதுரையம்மாகிட்ட நேர்லயே பஸ் ஏறிப் போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன். முதல்லயே அதச் செஞ்சிருக்கணும்."

"என்ன செஞ்சு இத ஈடுகட்டன்னு தெரியலக்கா."

"ஈடு இருக்கட்டும். அது எப்படி என் பேப்பரு அதோட போய் ஒட்டுச்சு? அத மட்டும் எனக்குப் புரியுத மாதிரி சொல்லுங்க."

நல்லசிவன் சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக, தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சேர்க்காமல் சொன்னார். "நீங்க அமுக்குன அதே நொடியில, உங்களுக்குப் பக்கத்துல இருந்து இன்னொருத்தரும் அமுக்கிருக்காங்க. ரொம்பப் பக்கம். ஒரு மேசை தூரம். நீங்க எங்கேருந்து அனுப்புனீங்க?"

"கேன்டீன்ல. கை கழுவுத இடத்துக்குப் பக்கத்து மேசை. அங்கதான் யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. காலைல டிபன் நேரம்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கண் எங்கோ போய் நின்றது. அந்த மேசையில் எதிரே உட்கார்ந்திருந்தவர், தட்டை ஒதுக்கிவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தவர், அப்போது சண்முகக்கனியும் குனிந்திருந்ததால் ஒருவரையொருவர் கவனிக்காமல் போனவர் யாரோ அவர் அங்கே தெரிந்திருக்க வேண்டும். சண்முகக்கனியின் கை மெதுவாக வாயை மூடியது. அவருக்கு வேலை போனது, போலீஸ் வந்தது, ஊர் சிரித்தது, அத்தனை நாளும் அந்த ஆள் எதிரே வாய்திறக்காமல் இருந்திருக்கிறார். அதே ஆள் அன்றைக்கு அதை அனுப்பாமல் இருந்திருந்தால் ஊர் இன்னும் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் முகத்தில் வந்ததை நல்லசிவன் பார்த்தார்.

"யாருக்கா?" என்றார், நாற்காலி நுனிக்கு வந்து.

சண்முகக்கனி கையை எடுத்தார். "தெரியாது சார். அன்னைக்கு அந்த மேசையில நான் மட்டுந்தான்," என்றார். டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

நல்லசிவன் சொல்லிக்கொண்டு கிளம்பினார். பஸ் நிறுத்தத்தில் கூட்டமில்லை. ஊருக்கே தெரிய வேண்டியது விஷயம்தான், ஆள் யாரென்று எவருக்கும் தெரிய வேண்டியதில்லை என்று ஆறு வருடம் மேடைக்கு மேடை பேசியிருந்தவர், போனை எடுத்து ஆழிநீர் ஆலையின் இணையப் பக்கத்தைத் திறந்தார். ஆய்வகப் பணியாளர்கள், மொத்தம் பதினோரு பேர், வரிசையாகப் படத்தோடு இருந்தார்கள். முதல் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவது முகம், கண்ணாடி போட்ட ஒரு பெண், கொஞ்சம் கலங்கினாற்போலத்தான் இருந்தது. பேரென்ன என்று பக்கத்தைக் கீழே நகர்த்தும்போது பஸ் வந்து நின்றது.

"ஏறுதீங்களா இல்லியா?" என்றார் கண்டக்டர்.

நல்லசிவனுக்கு அப்போதுதான் வெட்கம் வந்தது. போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஏறினார்.